குளிர் மலையில் சோலார் எடுபடுமா?

கேள்வி: கோத்தகிரியில் தகரக் கூரை வீடு. குளிரும் மேகமூட்டமும் அதிகம். சோலார் போட்டால் பயன் உண்டா? கடையில் மோனோ, பாலி என்று இரண்டு வகை சொல்கிறார்கள். பாலி விலை குறைவு. எதை வாங்கலாம்?

பதில்: குளிரைப் பற்றிக் கவலையே வேண்டாம். பேனலுக்கு வெளிச்சம் போதும், சூடு தேவையில்லை. ஒவ்வொரு செல்லும் ஒரு மெல்லிய சிலிக்கான் தகடு. ஒரு பக்கம் பாஸ்பரஸும் மறுபக்கம் போரானும் துளியளவு கலந்திருக்கும். வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான்கள் விடுபடும். இரு பக்கமும் சேரும் இடத்திலுள்ள மின்புலம் அவற்றை ஒரே திசையில் தள்ளும். அதுதான் மின்சாரம். ஒரு செல்லுக்கு அரை வோல்ட் அளவுதான் என்பதால் பல செல்களைத் தொடராக இணைக்கிறார்கள்.

செல் சூடானால் இந்த வோல்டேஜ் இறங்கும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி போய்விடும். சித்திரை வெயிலில் கோயம்புத்தூர் மொட்டை மாடியில் பேனல் 60 டிகிரியைத் தொடும். உங்கள் ஊரில் அந்த இழப்பு குறைவு.

மேகம் வேறு விஷயம். நல்ல வெயில் நாளில் 1 கிலோவாட் பேனல் சுமார் 4 யூனிட் தரும். நாள் முழுக்க மூடுபனி நின்றால் அதில் கால் பங்கு கிடைத்தாலே பெரிது. அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் பார்க்காமல் ஆண்டு முழுவதற்கும் கணக்குப் போடுங்கள்.

சரி, வகைக்கு வருவோம். மோனோ, ஒரே படிகத்திலிருந்து அறுத்த கறுப்புச் செல். இன்று விழும் வெளிச்சத்தில் 20 சதவீதத்துக்கு மேல் மின்சாரமாக மாற்றுகிறது. பாலி, பல படிகங்கள் சேர்ந்து உறைந்த நீலச் செல். 15 முதல் 17 சதவீதம். தின் ஃபிலிம் என்ற மெல்லிய படல வகையும் உண்டு, வீட்டுக் கூரைக்கு அவ்வளவாக வருவதில்லை. சரிவுக் கூரையில் தெற்குப் பார்த்த பக்கமே அதிகம் பயன்படும். இடம் குறைவு என்பதால் மோனோவே வாங்குங்கள், அதிலும் ஹாஃப் கட் செல், அதாவது பாதியாக வெட்டிய செல் உள்ளதாக.

இதைவிட முக்கியம் நிழல். செல்கள் தொடராக இருப்பதால் ஒரு சில்வர் ஓக் கிளையின் நிழல் சில செல்களில் விழுந்தாலும் பேனலில் பெரும் பகுதி முடங்கும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று மணிக்குக் கூரையைப் பாருங்கள்.

அப்புறம், மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது உங்களுக்குப் புதிதல்ல. பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றி மின்வாரிய லைனோடு இணைக்கும் சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டர், லைன்மேன் பாதுகாப்புக்காக அந்த நேரம் தானும் நின்றுவிடும், வெயில் அடித்தாலும்கூட. கரண்ட் இல்லாதபோதும் விளக்கு எரிய வேண்டுமென்றால் லைனோடும் பேட்டரியோடும் இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் சேர்த்தே விலை கேளுங்கள்.