வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: கொடியில்லாமல் களமிறங்கிய ஜூடோ வீரர்

கேள்வி: ரியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு ஜூடோ வீரரை ஓர் அகதி வென்றதாக என் பேரன் வினாடி வினாவில் கேட்டு வந்தான். யார் அவர்? எங்கள் ஐயாகூட 1942-இல் பர்மாவில் வட்டிக்கடையை அப்படியே விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தவர்தான். அவரையும் அகதி என்று சொல்லலாமா?
- ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அவர் பெயர் போபோலே மிசெங்கா. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே உள்ள புக்காவு நகரில் 1992-இல் பிறந்தார். ஒன்பது வயதில் போருக்குத் தப்பி ஓடியபோது குடும்பத்தைப் பிரிந்து, எட்டு நாள் காட்டில் தனியே கிடந்து, மீட்கப்பட்டுத் தலைநகர் கின்ஷாசாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே, வீடிழந்த குழந்தைகளுக்கான இல்லத்தில்தான் அவருக்கு ஜூடோ அறிமுகமாயிற்று.

ஆட்டம் அவருக்கு ஆறுதலாக இருந்தது; பயிற்சியாளர்கள் அப்படி இல்லை. தோற்று வந்தால் கூண்டில் அடைத்து வைத்து அரைவயிற்றுக்கே சாப்பாடு போட்டார்கள் என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். 2013-இல் உலகச் சாம்பியன் போட்டிக்காக ரியோ டி ஜெனிரோவுக்கு வந்தவர், சக வீராங்கனை யோலாண்டே மபிக்காவைப் போலவே அங்கேயே தங்கிப் புகலிடம் கேட்டார். பிறகு, ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஃபிளாவியோ கான்டோ தொடங்கிய பயிற்சி நிறுவனத்தில், ஜெரால்டோ பெர்னார்டெஸ் என்னும் முதிய பயிற்சியாளரிடம் சேர்ந்தார். வந்த புதிதில் உடன் பயில்வோரையே மிசெங்கா முரட்டுத்தனமாகத் தூக்கி எறிவாராம். தோற்றால் தண்டனை என்றே பழகிய உடம்புக்கு, எதிரே நிற்பவன் பகைவன் அல்லன், பயிற்சித் துணைவன் என்பதைப் புரியவைப்பதுதான் பெர்னார்டெஸின் முதல் வேலையாக இருந்தது. எனக்கு அவருடைய வெற்றியைவிட இந்தப் பகுதியே பெரிதாகத் தோன்றுகிறது.

2016-இல் முதன்முறையாக அமைக்கப்பட்ட அகதிகள் ஒலிம்பிக் அணியின் பத்துப் பேரில் மிசெங்காவும் மபிக்காவும் இருந்தனர். 90 கிலோ பிரிவில் மிசெங்கா முதலில் சந்தித்தது பஞ்சாபைச் சேர்ந்த அவ்தார் சிங்கை. முதுகு முழுவதும் பாயில் பதியும்படி வேகமாக எறிந்தால் அது ‘இப்பான்’, ஆட்டம் அத்துடன் முடிந்துவிடும். பக்கவாட்டில் விழுந்தால் அந்நாளில் ‘யூக்கோ’ என்னும் சிறு புள்ளிதான். அந்த ஒரு யூக்கோவே அன்று வெற்றியைத் தீர்மானித்தது. அடுத்த சுற்றில் 2015-இன் உலகச் சாம்பியனான தென்கொரியாவின் குவாக் டோங்-ஹானிடம் மிசெங்கா தோற்றார். மபிக்கா முதல் ஆட்டத்திலேயே வெளியேறினார்.

உங்கள் ஐயாவைப் பற்றி: கொண்டுவிற்கப் போன இடத்தில் கடையும் கணக்கும் போயின, ஆனால் அவர் திரும்பி வந்தபோது இங்கே வளவும் முகப்புமாக வீடு நின்றது, வாசலில் பங்காளிகள் இருந்தார்கள். அவர் பட்டது சிறு துன்பமல்ல. ஆயினும் அவர் வந்து சேர்ந்தது சொந்த ஊருக்கு. மிசெங்காவோ சொந்த ஊரையும் நாட்டையும் விட்டு, மொழி தெரியாத நகரத்தில் புகலிடம் கேட்டு நின்றவர். ஆகவே ‘பர்மாவிலிருந்து மீண்டவர்’ என்று சொல்வதே பொருத்தம்.

கேள்வி: நம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்த பிள்ளைகளும் அந்த அணியில் சேர முடியுமா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: அணியைத் தேர்ந்தெடுப்பது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி. சர்வதேசத் தரத்தில் ஆடுபவராக இருக்க வேண்டும். அத்துடன், அவர் அகதி என்பதை ஐ.நா. அகதிகள் ஆணையம் உறுதிப்படுத்த வேண்டும். இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. முகாம் மக்களின் பதிவையும் பராமரிப்பையும் அரசே நேரடியாகக் கவனிக்கிறது. ஆகவே இரண்டாவது நிபந்தனை இங்கே எளிதானதல்ல. ரியோவில் பத்தாக இருந்த அணி பாரிஸில் 37 பேராக வளர்ந்துள்ளது என்பதும் உண்மை. பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால், அணியைப் பற்றி யோசிக்கும் முன், வாரம் நான்கு நாளாவது பாய் விரித்துச் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியரைத் தேடுங்கள்.