செட்டப் பாதியில் நின்று 1603 என்று காட்டுகிறது. விண்டோஸையே மாற்றிப் போட வேண்டுமா?

வேண்டாம். தேவகோட்டை வீட்டில் பெரியப்பாவின் கணினியில் கணக்கு மென்பொருள் முக்கால்வாசி ஏறி, திரும்ப இறங்கிவிடுகிறது, கடைக்காரர் "ஃபார்மட் அடிச்சிடலாம்" என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபார்மட் அடித்தால் கணக்கும் சேர்ந்து போய்விடும். முதலில் பழைய டேட்டாவை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

1603 என்றால் 'நிறுவ முடியவில்லை' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. காரணம் லாக் ஃபைலில்தான் (செட்டப் தான் செய்ததை வரிவரியாக எழுதி வைக்கும் குறிப்பு) இருக்கும். பல செட்டப்கள் டெம்ப் ஃபோல்டரில் (தற்காலிக ஃபைல்கள் தங்கும் இடம்) அதை விட்டுவைக்கும். செட்டப் .msi என்று முடியும் எம்எஸ்ஐ ஃபைல் என்றால் கமாண்ட் பிராம்ப்டில் லாக் கேட்டு ஓட்ட வேண்டும். நோட்பேடில் திறந்து 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று ஆங்கில எழுத்தில் தேடுங்கள். அதற்குச் சற்று மேலே உள்ள வரிகளில் பெரும்பாலும் விஷயம் பிடிபட்டுவிடும். ஏற்றும் ஃபோல்டரில் விண்டோஸின் சொந்த யூசரான 'சிஸ்டம்' கணக்குக்கு ஃபுல் கன்ட்ரோல் (முழு உரிமை) இல்லாவிட்டாலும் இதே எண்தான் வரும்.

நம் பக்கத்துக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. பள்ளத்தூரில் ஒரு ஆச்சியின் லேப்டாப்பில் பார்த்தேன். பேரன் ஆசையாக யூசர் பெயரைத் தமிழில் வைத்திருந்தான். சி டிரைவில் யூசர்ஸுக்குள் ஃபோல்டரும் தமிழிலேயே உருவாகிவிட்டது. யூனிகோட் (தமிழ் போன்ற எல்லா எழுத்துகளுக்குமான பொதுக் குறியீடு) தெரியாத பழைய செட்டப்புக்கு அந்த வழி புரியவில்லை, லாக்கில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்! கன்ட்ரோல் பேனலில் பெயரை மாற்றினாலும் ஃபோல்டர் மாறாது. சி டிரைவில் ஆங்கிலப் பெயரில் ஒரு காலி ஃபோல்டர் போட்டு, என்விரான்மென்ட் வேரியபிள்ஸில் டெம்ப், டிஎம்பி இரண்டையும் அதற்குத் திருப்பினேன், ஏறிவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் மின்னஞ்சலின் முதல் 5 எழுத்துகளே ஃபோல்டர் பெயராவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

1618 வந்தால் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது. முடியும் வரை பொறுங்கள், இல்லையென்றால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். நடுவில் கரண்ட் போய்ப் பாதியில் நின்றது மீண்டும் ஏற மறுத்தால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் இன்ஸ்டால், அன்இன்ஸ்டால் ட்ரபிள்ஷூட்டரை ஓட்டுங்கள்.

கோயில் புள்ளிக் கணக்குக்கு (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் கணக்கு) யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த மென்பொருள் என்றால் டாட்நெட் 3.5 (பழைய மென்பொருள்கள் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் துணை மென்பொருள்) கேட்கலாம். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் டிக் போட்டால் இணையத்திலிருந்து இறங்கிக்கொள்ளும். டாஸ், பழைய விண்டோஸ் நாட்களின் 16 பிட் காலத்துச் சரக்கு என்றால் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட்தான்.

ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடச் சொல்வார்கள். தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிய ஃபைலாக இல்லாவிட்டால் அதைச் செய்யாதீர்கள்.