ஆறு தட்டில் இரண்டே அழுத்தம்: ஐரிஷ் ஜிக்குக்குக் கிட்டார் ஸ்ட்ரம் செய்வது எப்படி?

கேள்வி: இரண்டு வருடமாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். சினிமாப் பாட்டுகளுக்கு ஸ்ட்ரம் செய்ய நன்றாகவே வரும். ஃபிடில் (வயலின்) வாசிக்கும் நண்பர் ஒருவர் ஐரிஷ் ஜிக் மெட்டுகளைக் கற்றுக்கொண்டு, என்னையும் கூட வாசிக்கக் கூப்பிடுகிறார். ஒன்று முதல் ஆறு வரை எண்ணி, கையைக் கீழே இறக்கி டவுன், மேலே ஏற்றி அப் என்று மாற்றி மாற்றி அடித்தால் ‘வால்ட்ஸ் மாதிரி இருக்கிறது’ என்கிறார். டவுன்-அப்-டவுன், டவுன்-அப்-டவுன் என்று அடித்தால் மெதுவாக வாசிக்கும்போது சரியாக வருகிறது. வேகம் கூட்டினால் கை சிக்கிக்கொள்கிறது. எது சரியான முறை? கிட்டாரின் டியூனிங்கையும் மாற்ற வேண்டுமா?

பதில்: உங்கள் நண்பரின் காதில் குறையில்லை. நீங்கள் எண்ணுவதும் சரிதான். அழுத்தம்தான் இடம் மாறி விழுகிறது.

ஜிக் என்பது 6/8 தாளத்தில் அமைந்த ஐரிஷ் நடன மெட்டு. ஒரு பாருக்கு, அதாவது தாளத்தின் ஓர் அலகுக்கு, ஆறு தட்டு. இந்த ஆறை இரண்டு மூன்றாகவும் பிரிக்கலாம், மூன்று இரண்டாகவும் பிரிக்கலாம். ஜிக்கில் அது இரண்டு மூன்று: அழுத்தம் ஒன்றிலும் நான்கிலும் மட்டும். வால்ட்ஸ் என்ற ஐரோப்பிய நடனத் தாளம் மூன்று இரண்டு: ஒன்று, மூன்று, ஐந்து. கையை மாற்றி மாற்றி ஆட்டும்போது டவுன் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒன்று, மூன்று, ஐந்து. டவுன் என்றாலே கையின் எடை அதில் இறங்கும், தடித்த கம்பிகளும் முதலில் அதிரும். நீங்கள் அழுத்தம் கொடுக்க நினைக்காவிட்டாலும் கேட்பவர் காதில் அந்த மூன்றும்தான் ஓங்கி ஒலிக்கும். வால்ட்ஸ் வந்த வழி இதுதான்.

டவுன்-அப்-டவுன் முறையை இரண்டு முறை அடித்தால் ஒன்றிலும் நான்கிலும் டவுன் தானாக வந்து உட்காரும். கைக்கு எது இயல்போ அதுவே தாளத்துக்கும் பொருந்திவிடுகிறது. அயர்லாந்தில் பாஞ்சோ, மாண்டலின் வாசிப்பவர்கள் ஜிக்குக்குப் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) பிடிக்கும்போது பெரும்பாலும் இந்த முறையைத்தான் விரும்புகிறார்கள். மாற்றி மாற்றி அடித்தே அருமையாக வாசிக்கும் கிட்டார் கலைஞர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நான்காம் தட்டு அவர்களுக்கு அப்பில் வரும். அந்த அப்பையே டவுன் அளவுக்கு ஓங்கி ஒலிக்கச் செய்யப் பழகியவர்கள் அவர்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது சுற்று வழி. டவுன்-அப்-டவுனிலேயே நில்லுங்கள். இரண்டையும் கலந்து பழகினால் இரண்டுமே வராது.

எண்ணுவதற்கு ‘ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து ஆறு’ வேண்டாம். நாக்குக்கு நீளம், அழுத்தமும் அதில் தெரியாது. ‘தகிட தகிட’ என்று சொல்லுங்கள். ‘த’ விழும் இடமெல்லாம் டவுன், அதுதான் அழுத்தம். ‘கி’ அப், ‘ட’ மெல்லிய டவுன். கர்நாடக இசையில் கொஞ்சம் பழக்கம் உண்டென்றால் இதைத் திஸ்ர நடை என்றே எடுத்துக்கொள்ளலாம். ஜிக்கின் ஒரு பார் திஸ்ர நடையில் இரண்டு அட்சரம். நான்கு பாருக்கு ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம். பெரும்பாலான ஜிக் மெட்டுகளில் எட்டு பார் கொண்ட இரண்டு பகுதிகள் உண்டு, ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசிப்பார்கள். ஆக ஒரு சுற்று 32 பார், அதாவது எட்டு ஆவர்த்தனம். கையில் தாளம் போட்டுக்கொண்டே உங்கள் நண்பரின் மெட்டை முதலில் நாலைந்து தடவை கேளுங்கள். பகுதி எங்கே முடிகிறது, எங்கே திரும்பி வருகிறது என்பது விரலுக்குத் தெரிந்த பிறகு கிட்டாரைத் தொட்டால் போதும்.

இனி கை சிக்குவது. செஷன்களில், அதாவது பலர் கூடி வாசிக்கும் இடங்களில், ஜிக் நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 முதல் 120 அழுத்தம் வரை ஓடும். 120 என்று வைத்துக்கொண்டால் ஒரு தட்டுக்குக் கிடைப்பது ஆறில் ஒரு பங்கு வினாடி. ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் கை ஒரு பக்கமாகத்தான் போகிறது. ஆனால் மூன்றாம் தட்டும் டவுன், நான்காம் தட்டும் டவுன். அந்த ஆறில் ஒரு பங்கு வினாடிக்குள் கை சத்தமில்லாமல் மேலே ஏறி மறுபடி இறங்கியாக வேண்டும். மற்ற இடங்களைப் போல இரண்டு மடங்கு வேகம். மூன்றாவது டவுனை மற்ற டவுன்களைப் போலவே முழு வீச்சில் அடித்தால் அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? தாமதித்து வந்து நான்காம் தட்டில் மோதுகிறது. நீங்கள் சிக்கல் என்று சொல்வது இந்த இடம்.

கையை வேகமாக ஓட்டுவதால் இது தீராது. மூன்றாவது டவுனைச் சுருக்குங்கள். நடுவில் இருக்கும் இரண்டு கம்பிகளை உரசியதும் கை திரும்பிவிட வேண்டும், முதல் கம்பியைத் தாண்டிக் கீழே போகவே கூடாது. முழங்கையிலிருந்து வீசாமல் மணிக்கட்டைச் சுழற்றுங்கள், பிக் பிடித்த கையிலிருந்து தண்ணீரை உதறுவதுபோல. தோளில் இறுக்கம் தெரிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிக் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த பிக்கால் இந்த வேகத்தில் ஸ்ட்ரம் செய்தால் கம்பி பிடித்து இழுக்கும். 0.60 அல்லது 0.73 மில்லிமீட்டர் வாங்குங்கள். சில ரூபாய்ச் சமாசாரம்தான், ஆனால் பாதிச் சிக்கல் அதிலேயே விட்டுவிடும். விரலில் தளர்வாகப் பிடியுங்கள். அவ்வப்போது கை நழுவிப் பிக் கீழே விழுந்தால் விழட்டும்.

பழகும் வரிசையும் முக்கியம். பலர் ஆறு தட்டையும் முதல் நாளே அடிக்கப் பார்ப்பார்கள். அப்படி வேண்டாம். இடது கையால் கம்பிகள் மேல் லேசாக விரல்களை வைத்து ஒலியை அடைத்துவிடுங்கள், கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) பற்றிய கவலையே இருக்காது. சீரான வேகத்தில் கிளிக் ஒலிக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வையுங்கள். ஒவ்வொரு கிளிக்கும் ஒரு ‘த’, ஆறு தட்டுக்கும் கிளிக் வைக்காதீர்கள். வாயில் ‘தகிட தகிட’ ஓடட்டும், கை ஒன்றிலும் நான்கிலும் மட்டும் டவுன் அடிக்கட்டும். இது சலிப்பூட்டும் அளவுக்கு எளிதான பிறகு ‘ட’வைச் சேருங்கள்: த–ட த–ட, நடுவில் ‘கி’ மௌனம். நீளம், குட்டை, நீளம், குட்டை என்று இது நடக்கும். இதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். முழு ஜிக்குக்கும் இதை மட்டுமே வாசித்தாலும் ஃபிடில்காரர் மகிழ்ச்சியாகவே வாசிப்பார். சிக்கல் வரும் மூன்று–நான்கு திருப்பமும் இதற்குள்ளேயே இருப்பதால் அதையும் தனியாகப் பழகிவிடுகிறீர்கள். கடைசியில்தான் நடு அப். அது சேரும்போது எடையே இருக்கக் கூடாது, மெல்லிய கம்பிகளில் ஒரு உரசல் போதும். 60இல் ஐந்து நிமிடம் பிசகாமல் ஓடினால் நாலைந்து கிளிக் கூட்டுங்கள். 90ஐத் தாண்டும் இடத்தில் மறுபடி சிக்கும், பெரும்பாலானவர்களுக்கு அங்கேதான் சிக்குகிறது. அப்போது ‘த–ட’வுக்குத் திரும்பிப் போய், பிறகு அப்பைச் சேருங்கள்.

தட்டுகள் எல்லாம் சம நீளத்தில் விழுந்தால் தையல் எந்திரம் ஓடுகிற சத்தம்தான் வரும். ஐரிஷ் ஜிக்கில் மூன்றில் முதல் தட்டு மற்றவற்றைவிடச் சற்று நீளும், நடுத்தட்டு சற்றுக் குறுகும். எவ்வளவு என்பதைக் காகிதத்தில் எழுத முடியாது. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் நண்பரின் வில் எவ்வளவு நீட்டுகிறதோ அவ்வளவே நீங்களும் நீட்ட வேண்டும், அதற்கு மேல் போனால் குதிரை ஓட்டம் ஆகிவிடும். அவர் வாசிப்பதைத் தொலைபேசியில் பதிந்து, அதன்மேல் ஒலி அடைத்த கம்பிகளில் தாளம் மட்டும் போட்டுப் பாருங்கள். மெட்ரோனோம் கற்றுத்தராத ஒன்று இது.

ஆறு கம்பிகளையும் எப்போதும் அடிக்காதீர்கள். ஒன்றாம் தட்டில் தடித்த இரண்டு மூன்று கம்பிகள், நான்காம் தட்டில் நடுக்கம்பிகள், மற்றவை மேலோட்டமாக. இப்படிப் பிரித்தால் அழுத்தம் தனக்குத்தானே அமைந்துவிடும், பௌரான் தோல்வாத்தியத்தின் வேலையில் பாதியை உங்கள் கிட்டாரே செய்துவிடும். கார்டு மாற்றத்தையும் ஒன்றிலோ நான்கிலோ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மெட்டில் தொடங்குவது? ‘ஸ்வாலோடெயில் ஜிக்’ என்ற பழைய மெட்டைப் பரிந்துரைக்கிறேன். இரண்டே கார்டில் முடிக்கலாம். முதல் பகுதியில் இ மைனர் இரண்டு பார், டி மேஜர் இரண்டு பார், மறுபடி இ மைனர் இரண்டு பார், ஏழாவது பாரில் டி, எட்டாவதில் இ மைனர். இரண்டாம் பகுதியையும் இதே இரண்டு கார்டுகளால் ஒப்பேற்றலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. இ மைனர் என்றதும் சினிமாப் பாட்டுப் பழக்கத்தில் கை சி மேஜருக்குப் போகும். அது இங்கே இடிக்கும். இந்த மெட்டில் வருவது சி இல்லை, சி ஷார்ப். இந்த ஸ்வர வரிசைக்கு மேற்கத்திய இசையில் டோரியன் என்று பெயர். ஸ்வர அமைப்பில் நம் கரகரப்பிரியா. டி-யில் அமைந்த பல ஜிக்குகள் மிக்ஸோலிடியன், அதாவது ஹரிகாம்போஜி. அவற்றில் டி-க்கு அடுத்து சி மேஜர் தாராளமாகப் பொருந்தும். எது என்று பிடிபடாத மெட்டில் கார்டிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டு, ஆதார ஸ்வரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் ஒலிக்க விடுங்கள். மேஜரா மைனரா என்று முடிவெடுக்கும் பொறுப்பு ஃபிடிலிடமே இருக்கும்.

டியூனிங் பற்றிய கேள்விக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று கம்பிகளைக் கூட்டும் ‘டேட்கேட்’ முறை ஐரிஷ் இசைக்காரர்களுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அதில் காந்தாரம் இல்லாத கார்டுகள் சுலபமாக விழுவதுதான். அது தொன்மையான ஐரிஷ் மரபு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கிட்டார் கலைஞர் டேவி கிரேம் பிரபலப்படுத்தியது அது. ஐரிஷ் நடன மெட்டுகளுக்கு அதைக் கொண்டுசேர்த்தவர்களில் 1970களில் ‘போத்தி பேண்ட்’ குழுவில் வாசித்த மீஹால் ஓ டோனல் முக்கியமானவர். கிட்டாரே அந்த மரபுக்குத் தாமதமாக வந்த விருந்தாளிதான். ஃபிடில், புல்லாங்குழல், ஈலன் பைப்ஸ் என்ற துருத்திக் குழல் இவை கார்டுத் துணையில்லாமல் நெடுங்காலம் நடனத்துக்கு வாசித்தவை. ஆகவே ‘இதுதான் முறை’ என்று யாரும் உங்களை மிரட்ட முடியாது. இப்போதைக்கு வழக்கமான டியூனிங்கிலேயே பழகுங்கள். தாளம் கைக்கு வந்த பிறகு ஆறாவது கம்பியை மட்டும் இ-யிலிருந்து டி-க்கு இறக்கிப் பாருங்கள். ஆர்ட்டி மெக்லின் போன்ற ஐரிஷ் கிட்டார் கலைஞர் அந்த ட்ராப் டி-யில் வாசித்தவர்தான். டி-யில் அமைந்த மெட்டுகளுக்கு அடியில் ஒரு நல்ல கனம் கிடைக்கும். தாளமும் டியூனிங்கும் ஒரே மாதத்தில் வேண்டாம்.

கேட்டுப் பழக ஒரு பெயர் சொல்ல வேண்டுமென்றால், மார்ட்டின் ஹேஸின் ஃபிடிலுக்குத் துணை வாசித்த டென்னிஸ் கேஹிலைச் சொல்வேன். சிகாகோவில் பிறந்தவர், 2022இல் காலமானார். சில இடங்களில் பாருக்கு ஓரிரு ஸ்வரங்களே வாசிப்பார். ஆறு தட்டையும் நிரப்பாமலே ஜிக்கைத் தூக்கி நிறுத்த முடியும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. நீங்களும் முதல் சுற்றில் ‘த–ட’ மட்டும் வாசித்து, இரண்டாம் சுற்றில் அப்பைச் சேர்த்து, மூன்றாவதில் பேஸ் கம்பிகளை ஓங்கவிடலாம். ஒரு மெட்டை மூன்று முறை வாசித்துவிட்டு நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவது அங்கே வழக்கம், தாவும் இடத்தில் சுருதி மாறக்கூடும். எந்த மெட்டு, எந்தச் சுருதி என்று நண்பரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது செஷனுக்குப் போனால், அங்கே ஏற்கெனவே ஒரு கிட்டார் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு பேர் ஒரே மெட்டுக்கு வெவ்வேறு கார்டு போடுவது மெட்டு வாசிப்பவருக்குப் பெரிய தலைவலி. அந்தக் கிட்டார்காரர் ஓய்ந்த பிறகு கேட்டுவிட்டுச் சேருவதே மரியாதை.

உங்கள் நண்பர் விரைவில் ஸ்லிப் ஜிக்கும் கொண்டுவருவார். அது 9/8, பாருக்கு மூன்று ‘தகிட’. டவுன்-அப்-டவுன் மூன்று முறை, புதிதாகக் கற்க எதுவுமில்லை. ஆனால் இரண்டு ‘தகிட’ முடிந்ததும் பார் முடிந்ததாக நினைத்துக் கார்டை மாற்றிவிடுவீர்கள். முதல் சில நாட்கள் ஒவ்வொரு பாரின் முதல் ‘த’வில் மட்டும் காலால் தரையைத் தட்டி வாசியுங்கள்.