கடைசி நாளைச் சொல்லிவிட்டு மூடுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் ஒஹையோ மாநிலத்தில் வேலை பார்க்கும் இயந்திரப் பொறியாளன். சொந்த ஊர் கோவை. அமெரிக்கா வந்த புதிதில் உடன் வேலை பார்த்த ஒருவர் என்னை ஒரு ரசிகர் வட்டத்தில் சேர்த்துவிட்டார். மரத்தால் கட்டிய பழைய ரோலர் கோஸ்டர்கள் மீது பித்துக் கொண்டவர்களின் வட்டம் அது. கோடைதோறும் ஏதாவது ஒரு கேளிக்கைப் பூங்காவில் கூடுவோம். காலையில் ஏறத் தொடங்கினால் விளக்கை அணைக்கும்வரை விடமாட்டோம். இரவுச் சாப்பாட்டின்போது பழைய படங்கள் கைமாறும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் கோடைகள் இப்படித்தான் கழிந்தன.

இப்போது வட்டத்தைக் கலைத்துவிடலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. தொடங்கியவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். கழுத்து வலி, இதயக் கோளாறு என்று வண்டியில் ஏற முடியாதவர்களே அதிகம். கணக்கு வழக்குகளைப் பார்த்துவந்தவர் சென்ற ஆண்டு காலமானார். பொறுப்பை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அடுத்த கோடையில் கூடாமல் இருந்துவிட்டால் போதும், தானாக நின்றுவிடும் என்கிறார் ஒருவர். எப்படியாவது இழுத்துக்கொண்டு போகவேண்டும் என்கிறார்கள் வேறு சிலர்.

ஊரிலிருக்கும் அண்ணனிடம் சொன்னேன். "ராட்டினம் சுற்றியதற்கு ஒரு சங்கம், அது கலைவதற்கு ஒரு துக்கமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கேளிக்கைப் பூங்காக்களின் வரலாற்றில் உங்களுக்கு ஈடுபாடு உண்டு என்பதால் எழுதுகிறேன். நாங்கள் மூடுவது சரியா?

கே.

*

அன்புள்ள கே.,

மூடுங்கள். ஆனால் தானாக நிற்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். நாள் குறித்து, எல்லோருக்கும் சொல்லி, ஒருமுறை கூடிவிட்டு மூடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்கான காரணம் உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது.

கிளீவ்லாந்துக்குத் தென்கிழக்கே ஏரிக்கரையில் இருந்த ஜியாகா லேக் பூங்காவை உங்கள் வட்டத்தில் அறியாதவர் இருக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மக்கள் போய்வந்த இடம். 2007 செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. அன்று போனவர்கள் வழக்கம்போல் ஏறினார்கள், தின்றார்கள், குழந்தைகளை இழுத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 21 அன்று, பூங்கா இனித் திறக்காது என்று அறிவிப்பு வந்தது. ஏரியின் மறுகரையிலிருந்த நீர் விளையாட்டுப் பகுதி மட்டும் இன்னும் சில ஆண்டுகள் நடந்தது. மற்றதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துபோயிருந்தது. அதுதான் கடைசி நாள் என்று அங்கே வந்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எத்தனை பேர் தங்கள் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள்!

வியாபாரம் நொடித்தால் பூங்காவை மூடத்தான் வேண்டும். அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தலைமுறை தலைமுறையாக வந்தவர்களுக்கு விடைபெற ஒரு நாள்கூடக் கொடுக்காதது கொடுமை. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வட்டாரத்துக்காரர்கள் அதைச் சொல்லும்போது குரலில் கோபம் ஏறுவதைக் கேட்டிருக்கிறேன். பூங்கா போனதைவிட, சொல்லாமல் போனதுதான் அவர்களுக்கு ஆறவில்லை.

டோக்கியோவின் தோஷிமாயென் பூங்காவை இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1926இல் திறந்தது. 2020 ஜூன் மாதத்தில், ஆகஸ்ட் 31 அன்று மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். பெருந்தொற்றுக் காலமாக இருந்தும் கடைசிக் கோடை முழுவதும் மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அங்கே எல் டொராடோ என்ற குதிரை ராட்டினம் இருந்தது. 1907இல் ஜெர்மனியில் ஹ்யூகோ ஹாசே செய்தது. 1911இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டுக்குப் போய், அங்கிருந்த ஸ்டீபிள்சேஸ் பூங்கா 1964இல் மூடிய பிறகு ஜப்பானுக்குக் கப்பலேறி, 1971 முதல் தோஷிமாயெனில் சுற்றியது. மரத்தில் செதுக்கிய குதிரைகள், பன்றிகள், தேவதைகள். மூன்று நாடுகளின் குழந்தைகள் ஏறிய ராட்டினம் அது. கடைசி நாளன்று அதைப் பார்க்கக் கூடியவர்கள் தாங்கள் எதற்காக வந்திருக்கிறோம் என்பதை அறிந்து வந்தார்கள். ராட்டினத்தைப் பிரித்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பூங்கா இருந்த இடத்தில் 2023இல் ஹாரி பாட்டர் படங்கள் உருவான விதத்தைச் சுற்றிப் பார்க்கும் அரங்கம் திறந்தாயிற்று. இழப்பு இழப்புதான். ஆனாலும் அந்த மக்களுக்கு விடைபெற ஒரு கோடை கிடைத்தது.

உங்கள் வட்டத்தில் எத்தனை பேர் இருந்தாலும் அவர்களுக்கு இந்த மரியாதையைச் செய்யுங்கள். இழுத்துக்கொண்டு போகலாம் என்பவர்களிடமும் இதையே சொல்லுங்கள். முடியாதவர்களை வருந்தி வரவழைத்து, ஆண்டுக்கு நான்கு பேர் குறைந்து, கடைசியில் யார் யாருக்குக் கடிதம் போடுவது என்று தெரியாத நிலையில் நின்றுபோவதைவிட, பலரும் நடமாட முடிகிற காலத்திலேயே கூடி முடிப்பது நல்லது.

இனி அண்ணனின் கேள்வி. அவர் மீது எனக்கு வருத்தமில்லை. நம் ஊரில் ராட்டினம் பொருட்காட்சியோடும் திருவிழாவோடும் வந்து, அதோடு மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவது. ஒரே இடத்தில் நின்று மூன்று தலைமுறையைச் சுமந்த ஒன்றை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவருக்கு எல்லிஸ்பர்க் கதையைச் சொல்லுங்கள்.

டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் பிளேலேண்ட் என்று ஒரு பூங்கா. அங்கே 1947இல் கட்டிய 'ராக்கெட்' என்ற மரக் கோஸ்டர். வடிவமைத்தவர் ஹெர்பர்ட் ஷ்மெக். 1980இல் பூங்கா மூடியது. கோஸ்டர் வெயிலிலும் மழையிலும் சும்மா நின்றது. அதை வாங்கியவர்கள் பென்சில்வேனியாவின் எல்லிஸ்பர்க்கில் நோபல்ஸ் பூங்காவை நடத்தும் குடும்பத்தார். மூல வரைபடம் கையில் இல்லை. எனவே ஒவ்வொரு மரத்துண்டையும் பிரிக்கும் முன் அதில் எண் பொறித்த உலோகத் தகடு அடித்தார்கள். எந்தத் துண்டு எந்தக் காலில், எந்த மட்டத்தில், எதனோடு சேர்ந்தது என்று குறித்துக்கொண்டே பிரித்தார்கள். லாரி லாரியாக நாட்டின் குறுக்கே ஏற்றிப்போய், மலைக் காட்டுக்கு நடுவே திரும்ப நிறுத்தினார்கள். வேலையை முன்னின்று நடத்தியவர் சார்லஸ் டின். 1985இல் 'ஃபீனிக்ஸ்' என்ற புதுப் பெயரோடு ஓடத் தொடங்கியது. பழைய மரக் கோஸ்டரைப் பெயர்த்து நட முடியும் என்று அது நிரூபித்தது. இத்தனைக்கும் அதன் உயரம் 78 அடிதான். இன்றைய இரும்புக் கோஸ்டர்களின் காலடியில் நிற்கும். அப்படியிருந்தும் அண்மை ஆண்டுகளில் உலகின் சிறந்த மரக் கோஸ்டர் என்று துறை சார்ந்தவர்களின் வாக்கெடுப்பில் பலமுறை முதலிடம் பெற்றிருக்கிறது.

நான் அதில் ஏறியிருக்கிறேன். மேடையை விட்டு வண்டி கிளம்பியதும் நீண்ட இருட்டுச் சுரங்கம். பக்கத்தில் இருப்பவர் கை தெரியாது. சுரங்கம் முடியும் இடத்தில் திடீரென்று வெளிச்சம், சங்கிலி கொக்கியில் மாட்டும் சத்தம், ஏற்றம். இருவர் மடிக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்பி. அது இறுக்கிப் பிடிப்பதில்லை. கடைசிச் சிறு மேடுகளில் வண்டி போகிறது, நாம் இருக்கையிலிருந்து கிளம்பி அந்தரத்தில் இருக்கிறோம், பிறகு இருக்கை வந்து நம்மை வாங்கிக்கொள்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா ஒவ்வொரு மேட்டுக்கும் முன்பாகவே பேத்தியிடம் "இப்போது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒருமுறைகூடத் தவறவில்லை.

இப்போது ஜியாகா லேக்கில் இருந்த 'பிக் டிப்பர்' கோஸ்டரை நினைத்துப் பாருங்கள். 1925இல் கட்டியது. வடிவமைத்தவர் ஜான் மில்லர். மரக் கோஸ்டர் உலகில் அவருக்கு மேல் ஒருவர் இல்லை என்பேன். தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம் வைத்து, மேட்டின் உச்சியில் வண்டி எழும்பிப் பறந்துவிடாமல் பிடித்தவர் அவர். அந்த ஒரு சக்கரம் வந்த பிறகுதான் செங்குத்தான இறக்கமும் துணிச்சலான மேடும் சாத்தியமாயின. அதற்கு முந்தைய காலம் எப்படி இருந்தது என்று அறிய பென்சில்வேனியாவின் அல்டூனாவில் 1902இல் கட்டிய 'லீப் த டிப்ஸ்' இருக்கிறது. 1985இல் நின்றுபோய், ஆர்வலர்களின் முயற்சியால் 1999இல் திரும்ப ஓடியது. மில்லரின் கையால் ஆன பிக் டிப்பரோ 2007க்குப் பிறகு ஒன்பது ஆண்டு கேட்பாரற்று நின்றது. தண்டவாளத்தின் ஊடே மரங்கள் வளர்ந்தன. காப்பாற்றப் பலர் முயன்றார்கள். இடமும் பணமும் பொறுமையும் உள்ள ஒருவர் வேளையோடு வரவில்லை. 2016 அக்டோபரில் இடித்துவிட்டார்கள்.

மரக் கோஸ்டர் சும்மா நிற்கக் கூடாது. ஓடும் பூங்காவில் தச்சர்கள் தினமும் காலையில் தண்டவாளத்தின் மேலேயே நடந்து ஆணியும் மரையும் பார்ப்பார்கள். குளிர்காலத்தில் உளுத்த பலகையை எடுத்துப் புதியது போடுவார்கள். நம் கோயில் தேருக்கு ஆண்டுதோறும் ஒரு சட்டம், ஒரு அச்சு என்று மாற்றிக்கொண்டே வந்து, அது அதே தேராக வீதியில் போவதைப் போன்றதுதான் இது. கவனித்துக்கொண்டே இருக்கிற கைகள் போனால் மரம் சில ஆண்டுகளில் முடிந்துவிடும்.

இந்தக் கைகளை வரவழைத்ததிலும் தூண்டியதிலும் உங்களைப் போன்ற ரசிகர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1970களில் நியூயார்க் நகரம் கோனி ஐலண்டின் 'சைக்ளோன்' கோஸ்டரை இடிக்கப் பார்த்தது. மக்கள் கிளர்ந்ததால் 1927இல் கட்டிய அது தப்பித்து, 1988இல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. இங்கிலாந்தின் மார்கேட் கடற்கரையில் ட்ரீம்லேண்ட் பூங்காவை மூடும் பேச்சு வந்தபோது, 2003இல் ரசிகர்கள் இயக்கம் தொடங்கினார்கள். அங்கிருந்த 'சீனிக் ரெயில்வே' என்ற 1920ஆம் ஆண்டு மரக் கோஸ்டரை அதற்கு முந்தைய ஆண்டே பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். 2008இல் தீவைப்பில் அதன் ஒரு பகுதி எரிந்தது. இயக்கம் கலையவில்லை. 2015இல் பூங்காவும், அதே ஆண்டில் அந்தக் கோஸ்டரும் திரும்பத் திறந்தன. வண்டியின் நடுவே ஒருவர் நின்று கையால் பிரேக் போடும் வகையைச் சேர்ந்தது அது. ராட்டினம் சுற்றியவர்கள்தான் நகராட்சிக் கூட்டங்களில் போய் உட்கார்ந்து, கோப்பு படித்து, சட்டம் படித்து இதைச் சாதித்தார்கள். அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள்.

உங்கள் வட்டத்தில் இருப்பதை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. படங்கள் கைமாறும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படங்களின் பின்னால் பூங்காவின் பெயரும் ஆண்டும் இருக்கின்றனவா? எந்தக் கோணத்திலிருந்து எடுத்தது என்று இருக்கிறதா? இல்லையென்றால், எழுபது தாண்டியவர்கள் உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிவிட வேண்டும். ஒரு தாங்குகாலின் படம், எந்த மேட்டின் அடியில் எடுத்தது என்று தெரிந்தால் நாளை ஒரு தச்சருக்கு உதவும். தெரியாவிட்டால் வெறும் மரத்தின் படம்.

படத்தில் வராதவையும் உண்டு. சக்கரத் தாங்கிகளில் உள்ள கிரீஸ் சூடேறச் சூடேற வண்டி வேகமெடுக்கும் என்பதால் காலைச் சவாரியும் இரவுச் சவாரியும் ஒன்றல்ல என்பது உங்கள் ஆட்களுக்குத் தெரியும். எந்தக் கோஸ்டரில் எந்த வரிசை, எந்த மேட்டில் தூக்கும், மழை பெய்த பிறகு பிரேக்காரர் எங்கே கைவைப்பார் என்பதும் தெரியும். பல பூங்காக்களில் அந்தப் பிரேக் நெம்புகோல்களே இன்று இல்லை. இதையெல்லாம் அவர்கள் வாயால் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுப் பதிவு செய்ய உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? நீங்கள் இயந்திரப் பொறியாளர். எதைக் கேட்கவேண்டும் என்று அறிவீர்கள்.

பெட்டிகளை யார் வீட்டு நிலவறையிலும் வைக்காதீர்கள். டெக்சாஸின் பிளெய்ன்வியூவில் ரோலர் கோஸ்டர்களுக்கென்றே அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. 1978இல் தொடங்கிய அமெரிக்க கோஸ்டர் ஆர்வலர் சங்கமும் இருக்கிறது. இரு இடங்களுக்கும் எழுதிக் கேளுங்கள். ஜியாகா லேக் பற்றிய படங்களை அந்த வட்டாரத்து வரலாற்றுச் சங்கத்துக்குத் தனியாகக் கொடுக்கலாம். பட்டியல் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். வட்டத்தில் மிச்சமிருக்கும் பணத்தை ஏதாவது ஒரு பழைய கோஸ்டரின் பராமரிப்புக்குத் தரமுடியுமா என்றும் பாருங்கள். உங்கள் கணக்காளர் உயிரோடு இருந்திருந்தால் அதைத்தான் விரும்பியிருப்பார் என்று நினைக்கிறேன்.

கடைசிக் கூட்டத்தை எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நோபல்ஸில் வையுங்கள். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்தவும் காசு இல்லை. ஏறும் சவாரிக்கு மட்டும் டிக்கெட். ஏற முடியாதவர்கள் நாள் முழுவதும் மரநிழலில் உட்கார்ந்து ஃபீனிக்ஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கோடை முடிவதற்குள் தேதியைக் குறித்து, பழைய முகவரிகளுக்கெல்லாம் இப்போதே கடிதம் போட்டுவிடுங்கள்.

அன்புடன்.