கமிகட்சுவில் குப்பை வண்டி கிடையாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானில் ஷிகோகு தீவின் மலைப்பகுதியில் உள்ள கமிகட்சு என்ற சிற்றூரில் மக்கள் குப்பையை 40-க்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள் என்று படித்தேன். ஒழுக்கம் அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது, நமக்கெல்லாம் இது வராது என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

ரத்தத்தை விடுங்கள். இதே கமிகட்சுவில் 1990-கள் வரை குப்பையைத் திறந்தவெளியில் கொட்டிக் கொளுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். அப்புறம் சின்னதாக இரண்டு எரி உலைகள் வைத்தார்கள். குப்பை எரியும்போது வெளிவரும் டயாக்சின் நச்சுக்கு அரசு கடுமையான வரம்பு விதித்ததும் சில வருடங்களிலேயே அவற்றையும் மூட வேண்டியதாயிற்று. இன்று அங்கே இருப்பதே சுமார் 1,400 பேர், அதிலும் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். அவ்வளவு சின்ன ஊர் எல்லாக் குப்பையையும் வெளியே அனுப்பி எரிக்கிற செலவைத் தாங்காது, அதனால் பிரிக்கத் தொடங்கினார்கள். 2003-இல், ஜப்பானிலேயே முதலாவதாக, குப்பையில்லா ஊர் ஆவோம் என்று அறிவித்தார்கள்.

அவர்கள் செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள். சமையலறைக் கழிவு வீட்டிலேயே உரமாகிறது, அதற்கான தொட்டி வாங்க நிர்வாகம் மானியம் தந்தது. மற்றதையெல்லாம் கழுவிக் காயவைத்து மக்களே ஊரின் குப்பை பிரிக்கும் மையத்துக்குக் கொண்டுபோகிறார்கள், வண்டி ஓட்ட முடியாத முதியவர்களுக்கு மட்டும் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறார்கள். மையத்தில் ஒவ்வொரு பெட்டியின் மேலும், இது எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, கிலோவுக்கு ஊருக்கு எத்தனை யென் வரவு அல்லது செலவு என்று எழுதியிருக்கிறது. கணக்கை இப்படித் திறந்து காட்டினால் எந்த ஊர்க்காரரும் பிரிப்பார் என்றே நம்புகிறேன்.

மறுசுழற்சி 80 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. மீதியில் டயப்பர், ரப்பர் காலணி, பிவிசி பிளாஸ்டிக் மாதிரியானவை இருக்கின்றன. எவ்வளவு ஒழுக்கமானவரும் அவற்றை வைத்து என்ன செய்ய முடியும்? அங்கே பதில் சொல்ல வேண்டியவர்கள் அவற்றைத் தயாரித்து விற்பவர்கள்.

குப்பைக்கு முன்னாலேயே இந்த ஊர் ஒரு பெரிய அடியைத் தாங்கியிருக்கிறது. 1981-இல் கடுங்குளிரில் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போய்ப் பிழைப்பே ஆட்டம் கண்டது. வேளாண் கூட்டுறவில் வேலை பார்த்த யோகோயிஷி தொமோஜி, உணவகங்களில் தட்டை அலங்கரிக்கும் இலைகளை நம் மலையிலிருந்தே பறித்து விற்கலாம் என்றார். இலையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கேட்டவர்கள் ஊரிலேயே நிறைய. 1986-இல் தொடங்கிய அந்தத் தொழிலில் இன்று 300-க்கும் மேற்பட்ட வகை இலைகளும் பூக்களும் போகின்றன, எழுபது எண்பது வயதுப் பாட்டிகள் டேப்லெட்டில் ஆர்டரைப் பார்த்து, அடுத்தவர் எடுப்பதற்குள் தட்டிவிட்டுப் பறிக்கக் கிளம்புகிறார்கள்.