இங்கிலாந்தின் பேராலயப் பள்ளிகளில் பாடும் சிறுவர்களுக்குப் படிப்பும் உண்டா, பாட்டு மட்டும்தானா?

உண்டு, நல்ல படிப்பே உண்டு. ஆனால் எப்போதும் அப்படி இருக்கவில்லை. இன்றைய நிலைக்கு வந்ததில் மரியா ஹாக்கெட் என்ற பெண்ணுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

ஒருமுறை லண்டனில் செயின்ட் பால்ஸ் பேராலயத்துக்குப் பக்கத்தில், கார்ட்டர் லேனில் ஒரு யூத் ஹாஸ்டலில் தங்கினேன். வெளிச்சுவரைச் சுற்றி லத்தீன் எழுத்து ஓடியது. ஹாஸ்டலுக்கு எதற்கு லத்தீன் என்று விசாரித்தபோதுதான், அது 1874-75இல் பாடகர் குழுச் சிறுவர்களுக்காகக் கட்டிய பள்ளி என்று தெரிந்தது.

செயின்ட் பால்ஸில் இந்த ஏற்பாடு 12ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. பையன்கள் ஆராதனையில் பாடுவார்கள். பேராலயம் அவர்களுக்குத் தங்க இடமும் சோறும் படிப்பும் தர வேண்டும். காலப்போக்கில் பாட்டு மட்டும் தொடர்ந்தது, மற்றவை தேய்ந்துபோயின. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குழுவில் இருந்தவர்கள் எட்டே சிறுவர்கள். கச்சேரிகளிலும் பணக்காரர் வீட்டு விருந்துகளிலும் பாட அவர்களை வாடகைக்கு அனுப்பினார்கள். முடிந்ததும் இருட்டில், துணைக்கு ஆளில்லாமல் திரும்பி வருவார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள்! இதைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவே இல்லை.

1810இல் மரியாவின் உறவுக்காரச் சிறுவன் ஒருவன், தாய் தகப்பன் இல்லாதவன், அந்தக் குழுவில் சேர்ந்தான். அவன் படிப்பு கவனிக்கப்படாததைக் கண்டு மரியா பிஷப்புக்கும், பேராலயத்தின் தலைமைக் குருவான டீனுக்கும் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சாதகமான பதில் வரவில்லை என்றதும் பழைய சாசனங்களைத் தேடி எடுத்து, ‘இந்தப் பிள்ளைகளைப் படிக்கவைப்பது உங்கள் கடமை என்று இதில் இருக்கிறது’ என்று காட்டினார். சொந்தச் செலவில் வழக்கும் போட்டார்.

அத்தோடு விடவில்லை. நாட்டின் பேராலயங்களுக்கெல்லாம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போய், பையன்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நேரில் பார்த்தார். ஐம்பது ஆண்டுக்கு மேல் இப்படி அலைந்தார். போகும் இடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புத்தகம், ஒரு பணப்பை, ஒரு புத்தம்புது ஷில்லிங் நாணயம். 1872இல் ஜான் ஸ்டெய்னர் செயின்ட் பால்ஸ் ஆர்கன் கலைஞராக வந்தார். அவரே அங்கே பாடி வளர்ந்தவர். அவர் காலத்தில்தான் சுமார் நாற்பது சிறுவர்கள் தங்கிப் படிக்கும் கார்ட்டர் லேன் பள்ளி எழுந்தது. 1874இல், அந்தக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், மரியா காலமானார்.

சரி, இன்று எப்படி? காலையில் வகுப்புக்கு முன்பே பாட்டுப் பயிற்சி. அப்புறம் மற்றப் பிள்ளைகளைப் போலக் கணக்கு, அறிவியல் எல்லாம். கூடவே பியானோ போன்ற வாத்தியங்களும் கற்கிறார்கள். மாலையில் ஆராதனை. பதின்மூன்று வயதுவாக்கில் குரல் உடைந்து வேறு பள்ளிக்குப் போகும்போது, தேர்ந்த இசைக் கலைஞர்களாகவே போகிறார்கள். சிறுமிகளுக்கும் இடம் வந்துவிட்டது. 1991இல் சாலிஸ்பரி பேராலயம் சிறுமியருக்கெனத் தனிப் பாடகர் குழு தொடங்கியது.

லண்டன் போனால் செயின்ட் பால்ஸ் மாலை ஆராதனைக்குப் போய் உட்காருங்கள். டிக்கெட் கிடையாது. கொஞ்சம் முன்னதாகப் போனால், அந்தப் பிள்ளைகள் பைபிளின் சங்கீதங்களைப் பாடுவதைப் பக்கத்திலிருந்தே கேட்கலாம்.