பவர் சப்ளை போனதா, மதர்போர்டு போனதா?

கேள்வி: சிங்கப்பூரில், யீஷூன் வட்டாரத்தில் வீவக (அரசு வீடமைப்பு) வீட்டில் இருக்கிறோம். மகன் பாகம் பாகமாக வாங்கிக் கோத்துத் தந்த கணினி, ஐந்து வருடமாகிறது. போன வாரம் இடி மழையில் சட்டென்று அணைந்தது. இப்போது பொத்தானை அமுக்கினால் விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. பக்கத்துக் கடையில், “மதர்போர்டு போச்சு, புதுக் கணினியே வாங்கிவிடுங்கள்” என்கிறார்கள். மகன் வெளியூரில் படிக்கிறான். நாங்களே பாகத்தை மாற்ற முடியுமா? குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான் உள்ளன.

பதில்: படங்களுக்காக இப்போதே கலங்க வேண்டாம். அவை இருப்பது டிஸ்க்கில். கணினி எழவில்லை என்பதால் டிஸ்க்கும் போய்விட்டது என்று ஆகாது. கழற்றி, யுஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் பார்க்கலாம்.

கடைக்காரர் எதையாவது கழற்றிச் சோதித்தாரா? இல்லையென்றால் அவர் சொன்னது வெறும் ஊகம். சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டிதான் பவர் சப்ளை. அதற்குள் ஒரு காவல் சுற்று உண்டு. எங்காவது ஷார்ட் ஆனாலும், மின்னழுத்தம் பிசகினாலும் அது உடனே துண்டித்துவிடும். அந்த அரைச்சுற்று அதன் வேலைதான். குற்றவாளி, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகையான மதர்போர்டாகவும் இருக்கலாம், பவர் சப்ளையாகவும் இருக்கலாம், ஷார்ட் ஆன டிஸ்க்காகவும் இருக்கலாம். ஆண்டில் 160 நாள்களுக்கு மேல் இடி கேட்கும் ஊர் இது. நானாக இருந்தால் பவர் சப்ளையைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

பிளக்கைப் பிடுங்குங்கள். கணினிப் பொத்தானைப் பத்து விநாடி அமுக்கிப் பிடித்து, மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பவர் சப்ளையிலிருந்து வரும் எல்லா இணைப்புகளையும் உருவுங்கள் (அதற்கு முன் கைப்பேசியில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள், நினைவாற்றலை நம்பாதீர்கள்). 24 துளை உள்ள அகலமான இணைப்பில் ஒரே ஒரு பச்சைக் கம்பி இருக்கும். அதன் துளையையும் பக்கத்துக் கறுப்புக் கம்பியின் துளையையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, அதன்பிறகு பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போடுங்கள். எல்லாக் கம்பியும் கறுப்பாக இருந்தால், கையேட்டைப் பார்க்காமல் குத்த வேண்டாம்.

பவர் சப்ளையின் விசிறி ஓடவே இல்லையா? பெரும்பாலும் செத்துவிட்டது. பெரும்பாலும் என்பதற்குக் காரணம், சுமை இல்லாதபோது விசிறியை நிறுத்தியே வைக்கும் மாடல்களும் உண்டு. மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) இருந்தால் அளந்தே பார்க்கலாம்: மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் வர வேண்டும். அளவு சரியாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கி, கிளிப்பை எடுத்துவிட்டு மதர்போர்டை மட்டும் இணைத்துப் பாருங்கள். விசிறி நிற்காமல் ஓடினால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள், ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு. எதைச் சேர்த்ததும் அணைகிறதோ அதுதான் ஆள். மதர்போர்டு மட்டுமே இருக்கும்போதும் அணைந்தால், தெரிந்தவரிடம் நல்ல பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்த பிறகே கடைக்காரர் சொன்னதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயிருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

புதிதாக வாங்க சிம் லிம் ஸ்குவேர் போதும், ரோச்சோர் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். பழைய பெட்டியின் லேபிளைப் படமெடுத்துக் கொண்டுபோங்கள். அதே வாட் அல்லது கூடுதல், அதே அளவுப் பெட்டி. இதை மட்டும் பழைய பொருளாக வாங்க வேண்டாம். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன்’ சட்டப்படி (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்), ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, பொதுவாக வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும்.

அடுத்தது கம்பிகள். சில பவர் சப்ளைகளில் கம்பிகள் கழற்றி மாட்டும் வகையில் தனியாக வரும். “பழைய கம்பி அழகாகக் கட்டியிருக்கிறதே, பெட்டியை மட்டும் மாற்றினால் போதாதா” என்று ஒருமுறை நானும் நினைத்தேன். முனை கச்சிதமாகப் பொருந்தியது. சுவிட்சைப் போட்டேன், சின்னதாக ஒரு ‘டிக்’, பிறகு கருகல் வாடை. இரண்டு ஹார்ட் டிஸ்க் போயின. டிஸ்க் பக்கத்து முனை எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். பவர் சப்ளைப் பக்கத்து முனையில் எந்தத் துளையில் எத்தனை வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் அவ்வளவுதான். படங்கள் இருக்கும் டிஸ்க் உங்களுடையது. அதனால் பழைய கம்பிகள் அத்தனையையும் உருவிவிட்டுப் புதுப் பெட்டியோடு வந்ததையே போடுங்கள், அரை மணி நேரம் கூடுதலாக ஆனாலும் சரி.

மாட்டுவதற்குத் திருப்புளி ஒன்று போதும், நான்கு திருகுகள்தான். முதல் தடவை டிஸ்க்கை இணைக்காமலே சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். விசிறி நிற்காமல் ஓடினால் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிஸ்க்கைச் சேருங்கள்.